பரிமாணம்: கூட்டக்கூடாததைக் கூட்டும் கணக்கு



சில ஆண்டுகளுக்கு முன் குன்னம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்குக் கல்லூரி மாணவர்களோடு வீட்டுக் கணக்கெடுப்புக்குப் போயிருந்தோம். கையிலிருந்த படிவத்தில் 'அருகிலுள்ள கடை எவ்வளவு தூரம்?' என்றொரு கேள்வி. குடியிருப்பின் முதல் வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியவர் சிரித்தார். "தூரம் என்னா தம்பி தூரம், நாலு எட்டு வச்சா டீக்கடை. அங்க பெஞ்சுல ஒக்காந்து குடிக்கத்தான் நாப்பது வருசம் ஆச்சு."

படிவத்தில் '100 மீட்டர்' என்று எழுதிக்கொண்டோம். நாற்பது வருசத்தை எழுத அதில் இடமில்லை.

அந்தப் படிவத்தில் விடுபட்டது ஒரு பரிமாணம் என்று பிறகுதான் பிடிபட்டது. 'புதிய பரிமாணம்', 'பன்முகப் பரிமாணம்' என்று மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குக் கறாரான பொருள் உண்டு. அதை இயற்பியலிலிருந்து தொடங்குவதே நல்லது.

நம் மாவட்டத்துச் சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அதை ஆராய்ச்சி உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தார். நீளம் 18 மீட்டர், வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. இரண்டும் ஒரே மரத்தைப் பற்றிய உண்மைகள். ஆனால் பதினெட்டையும் பன்னிரண்டு கோடியையும் கூட்டினால் வருவது வெறும் எண், அதற்குப் பொருள் கிடையாது. நீளம் ஒரு பரிமாணம், காலம் இன்னொன்று, நிறை மற்றொன்று. ஒரு சமன்பாட்டில் கூட்டப்படும் எல்லா உறுப்புகளுக்கும் ஒரே பரிமாணம் இருக்க வேண்டும் என்பது பதினோராம் வகுப்புப் பாடம். இந்த முறைக்கு அடித்தளமிட்டவர் வெப்பம் பற்றிய தம் நூலை 1822இல் வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே.

இன்னொரு பொருளும் உண்டு. அறைக்குள் பறக்கும் கொசு இருக்கும் இடத்தைச் சொல்ல மூன்று எண்கள் வேண்டும்: இந்தச் சுவரிலிருந்து இவ்வளவு, அந்தச் சுவரிலிருந்து இவ்வளவு, தரையிலிருந்து இவ்வளவு. முதல் இரண்டை எத்தனை துல்லியமாகச் சொன்னாலும் மூன்றாவது தெரியாது. மற்றவற்றைக் கொண்டு சொல்ல முடியாதது எதுவோ அதுவே தனிப் பரிமாணம்.

'காலத்தையும் வெளியையும் மின்கோவ்ஸ்கி 1908இல் இணைத்துவிட்டாரே' என்று எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. இணைத்தார். ஆனால் காலத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கி நீளமாக்கிய பிறகே இணைத்தார். அந்த மாற்று எண்ணை இயற்கை தந்தது, எந்தக் குழுவும் கூடி முடிவு செய்யவில்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வணிகத்தில் இச்சொல் வேறு வேலை செய்கிறது. சின்ன வெங்காய மண்டியின் விற்பனைக் கணக்கை ஊர்வாரியாக, மாதவாரியாக, ரகவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். கணினித் தரவுக் கிடங்கில் ஊர், மாதம், ரகம் ஆகியவற்றைப் பரிமாணங்கள் என்கிறார்கள். இங்கே பரிமாணம் என்பது வெட்டிப் பார்க்கும் கோணம்.

மேலாண்மைப் பாடத்தில் ஹாஃப்ஸ்டீட் என்ற பெயரும் வரும். 1967 முதல் 1973 வரை பல நாடுகளில் ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பிலிருந்து நாடுகளின் பண்பாட்டுப் பரிமாணங்களை வகுத்தவர். அதில் ஒன்று 'அதிகார இடைவெளி'. இந்தியாவுக்கு 77 மதிப்பெண். அதிகாரம் குறைந்தவர்கள் ஏற்றத்தாழ்வை எந்த அளவுக்கு எதிர்பார்த்து ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதே அதன் வரையறை. எங்களுக்கு இது நெருடுகிறது. டீக்கடைக்கு வெளியே நின்று குடித்தவர் அதை 'ஏற்றுக்கொண்டார்' என்று யார் சொன்னது? ஒரு நாட்டுக்கு ஒரே எண் தந்தால் நாட்டுக்குள் இருக்கும் ஊரும் சேரியும் அந்த எண்ணுக்குள் மறைந்துபோகின்றன.

இப்போது சமூக ஆய்வுக்கு வருவோம். நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டுக்கு உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் என்று மூன்று பரிமாணங்கள், அவற்றுக்குள் 12 குறியீடுகள். நுகர்வுச் செலவு ஒன்றை மட்டும் பார்த்த பழைய வறுமைக் கோட்டைவிட இது எவ்வளவோ மேல். 2019–21 தரவின்படி தமிழ்நாட்டில் இவ்வகை வறுமையில் இருப்போர் 2.20 விழுக்காடு. கழிப்பறையும் எரிவாயு அடுப்பும் வந்ததை நாங்கள் சிறுமைப்படுத்தவில்லை. விறகு சுமந்த தாய்மாரின் பிள்ளைகள் நாங்கள்.

ஆனால் கணக்கின் உள்ளே பாருங்கள். மூன்று பரிமாணங்களுக்கும் சம எடை. வாழ்க்கைத்தரத்தின் ஏழு குறியீடுகளுக்கும் தலைக்கு 21இல் ஒரு பங்கு. 'உண்டு', 'இல்லை' என்று மாற்றி, எடை போட்டு, பள்ளிப்படிப்பையும் அடுப்பையும் கூட்டுகிறார்கள். இங்கே மாற்று எண் இயற்கை தந்ததில்லை, வல்லுநர்கள் வைத்தது. இழப்புகளின் கூட்டுத்தொகை மூன்றில் ஒரு பங்கை எட்டினால்தான் அந்தக் குடும்பம் ஏழை.

குடிநீர்க் குறியீடு மேம்பட்ட குடிநீர் கிடைக்கிறதா, போய்வர அரைமணி நேரத்துக்குமேல் ஆகிறதா என்று பார்க்கும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளிவந்தது. தொட்டி இருந்தது, குழாயும் இருந்தது. அந்தக் கட்டத்தில் அவ்வீடுகளுக்கு 'இழப்பு இல்லை' என்றே விழுந்திருக்கும். விசாரிக்கப் போன ஆட்சியரிடம் மக்கள் வாய்திறந்த பிறகே அவ்வூரின் இரட்டைக் குவளையும் கோயில் தடையும் பதிவாயின.

'சாதிவாரியாகவும் பிரித்துப் பார்க்கிறார்களே' என்பார்கள். உண்மை. 2021ஆம் ஆண்டு உலகப் பல்பரிமாண வறுமை அறிக்கை இந்தியாவைப் பிரித்துக் காட்டியது: பழங்குடியினரில் 50.6 விழுக்காடு, பட்டியல் சாதியினரில் 33.3, பிற்படுத்தப்பட்டோரில் 27.2, ஏனையோரில் 15.6 விழுக்காட்டினர் ஏழைகள். மதிப்புமிக்க கணக்கு. ஆயினும் இங்கே சாதி, மண்டிக் கணக்கில் ஊரும் மாதமும் போல, வெட்டிப் பார்க்கும் கோணமாகவே வருகிறது. சாதியே ஓர் இழப்பு என்பது எந்தக் கட்டத்திலும் இல்லை.

அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31இல் வெளிவந்த 'மூக்நாயக்' முதல் இதழிலேயே இந்தச் சமூகத்தைப் படிக்கட்டு இல்லாத பல மாடிக் கோபுரத்துக்கு ஒப்பிட்டார். இயற்பியல் மாணவர்கள் அதை இப்படிப் படிக்கலாம்: ஒருவர் தம் மாடிக்குள் கிழக்கே மேற்கே எவ்வளவு தூரமும் நடக்கலாம், பட்டம் வாங்கலாம், வீடு கட்டலாம். உயரம் என்ற எண் மாறாது.

அப்படியானால் தீண்டாமையைப் பதின்மூன்றாவது குறியீடாகச் சேர்த்துவிடலாமா? வட்டத்தில் நீண்ட விவாதம் நடந்தது. வாழ்க்கைத்தரத்தில் எட்டாவதாகச் சேர்த்தால் அதன் எடை 24இல் ஒரு பங்கு. மற்றெல்லாம் உள்ள குடும்பம் அந்த ஒன்றால் மட்டும் ஒருபோதும் கோட்டைத் தாண்டாது. அவமானம் கணக்கில் ஏறிய கையோடு கரைந்தும் போகும். அதனால் கூட்ட வேண்டாம், பக்கத்தில் தனியாக எழுதுவோம் என்று முடிவெடுத்தோம். கொசுவின் மூன்று எண்களை யாரும் கூட்டிச் சொல்வதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 31 விழுக்காடு. அடுத்த கோடை விடுமுறையில் மாணவர்கள் எடுத்துச் செல்லும் படிவத்தில் பழைய கேள்விகள் அப்படியே இருக்கும். வலப்பக்கம் கூட்டலில் சேராத ஒரு பத்தி வரும். கடையில் எந்தக் குவளை, முடிதிருத்தும் கடையில் முடி வெட்டுகிறார்களா, ஊர்த்தெருவில் பிணம் போகலாமா, தேர் நம் தெருவுக்கு வருகிறதா, பள்ளிச் சமையலறையில் நம் பெண்கள் சமைத்தால் எல்லாப் பிள்ளைகளும் உண்கிறார்களா. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே இரண்டு கட்டங்கள்: 'இன்று எப்படி?', 'மாறியிருந்தால் எந்த ஆண்டில் மாறியது, யார் போராடி மாற்றினார்கள்?'

முதல் படிவத்தை அந்தப் பெரியவரின் வீட்டில்தான் நிரப்பப் போகிறோம்.