வைட்ஃபீல்டுக்குக் கிழக்கே வண்டிப்பாதைகள்

பெங்களூர் மாநகரின் கிழக்குப் புறத்திலுள்ள வைட்ஃபீல்டு, 1882-ஆம் ஆண்டில் மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் வழங்கிய நிலத்தில், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கான வேளாண் குடியிருப்பாக உருவான ஊராகும். இன்று அது மென்பொருள் நிறுவனங்களின் ஊராக மாறிவிட்டது. 2023-ஆம் ஆண்டு முதல் மெட்ரோ ரயிலும் அங்கு ஓடுகிறது. ஆயினும், கிழக்கே சில கிலோ மீட்டர் சென்று தென்பெண்ணை ஆற்றைக் கடந்துவிட்டால் செம்மண் பாதைகளும், ஏரிக்கரைகளும், தைலமரத் தோப்புகளும் தொடங்கிவிடுகின்றன. ஹொசகோட்டையிலிருந்து மாலூர் வரை நிலம் கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் மெல்ல ஏறி இறங்குகிறது. டேக்கலை அடுத்துப் பாறைக் குன்றுகள் தலைதூக்குகின்றன. கோலாரை ஒட்டிய மலைகள் 1,200 மீட்டர் அளவை எட்டுகின்றன.

மோட்டார் வாகனத் தொல்லையின்றி மிதிவண்டியில் ஒரு நாளைக் கழிக்க விரும்புவோருக்கு இதைவிட ஏற்ற நிலப்பரப்பு தென்னாட்டில் அரிது எனலாம். ஆனால் தார்ச்சாலைப் பயணத்திற்குத் தேவைப்படாத அளவு முன்னேற்பாடு இதற்குத் தேவைப்படுகிறது. தார்ச்சாலை ஓர் ஊரில் தொடங்கி மற்றோர் ஊரில் முடியும் என்று நம்பலாம். வண்டிப்பாதை அவ்வாறன்று. அது ஒரு வயலில் முடியலாம். கல்குவாரியின் விளிம்பில் முடியலாம். நேற்று எழுப்பிய மதிற்சுவரிலும் முடியலாம்.

படங்களைப் படித்தல்

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தாள்களே திட்டமிடுதலுக்கு அடிப்படையாகும். 1802-ஆம் ஆண்டு பரங்கிமலைக்கு அருகே லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்த மரபு அது. இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ மீட்டர் என்ற இந்த அளவில் வண்டிப்பாதையும் ஒற்றையடிப் பாதையும் விடுபட்ட கோடுகளாகத் தனித்தனியே காட்டப்பட்டுள்ளன; சமஉயரக் கோடுகளும் உள்ளன. பழைய வரிசையில் ஒவ்வொரு தாளும் அட்சத்தில் 15 நிமிடமும் தீர்க்கத்தில் 15 நிமிடமும் கொண்ட பரப்பை அடக்கியது. 13 டிகிரி வட அட்சமும், 77 டிகிரி 45 நிமிடக் கிழக்குத் தீர்க்கமும் வெட்டிக்கொள்ளும் இடம் வைட்ஃபீல்டுக்கு வடக்கே நான்கு கிலோ மீட்டருக்குள் அமைந்துவிட்டதால், நான்கு தாள்களின் மூலைகள் அங்கே கூடுகின்றன. ஒரு காலைப் பயணத்திற்கு நான்கு தாள்களை ஒட்டிப் பார்க்க வேண்டிய விந்தை வேறு ஊர்க்காரர்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

ஒரு காலத்தில் இத்தாள்களைப் பெறுவதே கடினமாக இருந்தது. 2005-ஆம் ஆண்டின் தேசியப் படக்கொள்கை பொதுமக்களுக்கெனத் தனி வரிசையை ஏற்படுத்தியது. 2017-இல் அவ்வரிசைப் படங்களை இணையத்தில் இலவசமாகப் பெறும் வசதி வந்தது. 2021-இல் வெளியான வழிகாட்டு நெறிகள் படம் தயாரிப்பதற்கிருந்த கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தின. இன்று செயற்கைக்கோள் படத்தைக் கைப்பேசியிலேயே காணலாம். எனினும், செயற்கைக்கோள் படம் காட்டுவது தரையில் தெரியும் தடத்தை மட்டுமே. அத்தடத்தில் நடக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை அது கூறாது.

பாதை யாருடையது?

இவ்வினாவுக்கு விடை கூறக்கூடியது வருவாய்த் துறையின் கிராமப் படமாகும். கர்நாடகக் கிராமப் படங்களில் ‘பண்டிதாரி’ எனப்படும் வண்டிப்பாதை இரட்டைப் புள்ளிக்கோட்டாலும், ‘காலுதாரி’ எனப்படும் நடைபாதை ஒற்றைப் புள்ளிக்கோட்டாலும் குறிக்கப்படுகின்றன. சாகுபடிக்கு உதவாத ‘கராப்’ நிலத்தை 1966-ஆம் ஆண்டின் கர்நாடக நில வருவாய் விதிகள் இரு வகையாகப் பிரிக்கின்றன. பாதை, நீர்நிலை போன்ற பொதுப் பயன்பாட்டுக்குரியது இரண்டாம் வகையாகும். தமிழ்நாட்டில் ‘வண்டிப்பாதைப் புறம்போக்கு’ என்று பதிவேடுகளில் காணப்படுவதற்கு ஏறத்தாழ இணையானது இது. மாநிலத் தொலையுணர்வு மையம் உருவாக்கிய ‘திசாங்க்’ செயலியில் நில அளவை எண்களைச் செயற்கைக்கோள் படத்தின்மீது பொருத்திக் காண முடியும். வீட்டிலிருந்தபடியே ஒரு தடம் பொதுப்பாதையா, பட்டா நிலத்தின் வரப்பா என்று பெரும்பாலும் அறிந்துகொள்ள இது உதவுகிறது.

பெரும்பாலும் என்றதற்குக் காரணம் உண்டு. படத்திலுள்ள பாதை தரையில் உழப்பட்டிருக்கலாம். தரையில் தலைமுறைகளாக நடந்துவரும் பாதை படத்தில் இல்லாமலும் இருக்கலாம். இங்கிலாந்தில் 1949-ஆம் ஆண்டின் சட்டம், பொதுவழி உரிமையுள்ள பாதைகளனைத்தையும் உறுதிப் படங்களில் பதியுமாறு உள்ளாட்சி அமைப்புகளைப் பணித்தது. 1968-ஆம் ஆண்டின் சட்டம் குதிரைப் பாதைகளில் மிதிவண்டிக்கும் இடமளித்தது. அங்கு படமே சாட்சியாகும். இந்தியக் கிராமப் படமோ நிலவரி விதிப்பதற்காக வரையப்பட்டது. பாதை என்பது அதில் வரி விதிக்க இயலாத மிச்சமாகவே இடம்பெற்றது. இவ்வேறுபாடு சிறியதன்று.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் சரளைச்சாலை மிதிவண்டிப் பந்தயங்கள் பெயர்பெற்றிருப்பதற்கும் நில அளவையே காரணமெனலாம். 1785-ஆம் ஆண்டின் நில ஆணையில் தோன்றிய முறைப்படி நிலம் ஒரு மைல் சதுரங்களாக அளக்கப்பட்டு, எல்லைக்கோடுகளை ஒட்டிப் பொதுச்சாலைகள் அமைந்தன. அங்கு திட்டமிடுவோர் கோட்டைப் பின்பற்றினால் போதும். மாலூர் வட்டத்துப் பாதைகளை வகுத்தவை மாட்டு வண்டிகள். அவை பாறையைச் சுற்றின, ஏரியை அணைந்தன, கிணற்றடியில் நின்றன. இதனாலேயே அவை பயணத்திற்கு இனியவையாகவும் திட்டமிடுவதற்குக் கடினமாகவும் உள்ளன.

பாதைகள் மறைந்துவருவதன் சுமை மிதிவண்டிக்காரரைவிட விவசாயியையே பெரிதும் அழுத்துகிறது. வண்டிப்பாதையை ஒருவர் வேலியிட்டு அடைத்தால், அதற்கப்பால் நிலம் வைத்திருப்பவர் விளைச்சலைத் தலைச்சுமையாகவே கொணர வேண்டியிருக்கும். மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ்க் கர்நாடகத்தில் ‘நம்ம ஹொல, நம்ம தாரி’ என்ற பெயரில் வயற்பாதைகள் சீரமைக்கப்பட்டது இத்தேவை கருதியே. மனைப்பிரிவுகள் பெருகிவரும் ஹொசகோட்டை, மாலூர் வட்டங்களில், ஒரு பாதையில் ஆள் நடமாட்டம் தொடர்வதே அது பொதுப்பாதை என்பதற்கு நடைமுறையில் எஞ்சும் சான்றாகிறது. மற்றொருபுறம், 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் போன்றவற்றால் ஊர்களை இணைத்த மண்சாலைகள் தார்ச்சாலைகளாயின. கிராமத்தினர் அதை வரவேற்றது முற்றிலும் நியாயமே. சரளைப் பாதை தேடுவோர் இனி ஊரையும் ஊரையும் இணைக்கும் சாலையை விட்டு, ஊரையும் வயலையும் இணைக்கும் பாதையையே நாட வேண்டியுள்ளது.

தடைகளும் பருவங்களும்

பயணத் திட்டத்தை முதலில் நிர்ணயிப்பவை கடக்கும் இடங்களாகும். ஹொசகோட்டையில் தொடங்கும் பெங்களூர்–சென்னை விரைவுச்சாலை மாலூர், பங்காருப்பேட்டைப் பகுதிகளை ஊடறுத்துச் செல்கிறது. அதில் மிதிவண்டிக்கு இடமில்லை. சுரங்கப்பாதைகளும் மேம்பாலங்களும் உள்ள இடத்தில்தான் அதைக் கடக்க முடியும். 1864-ஆம் ஆண்டு ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு வந்த ரயில் பாதையும் இத்தகைய தடையே. ஆகவே கடக்குமிடங்களை முதலில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கிடையே வண்டிப்பாதைகளைக் கோப்பதே முறையாகும். குவாரிக்குச் செல்லும் அகன்ற மண்சாலையைத் தவிர்ப்பது நல்லது. படத்தில் மிக அழகாகத் தெரிவதும் அதுவே; கல் ஏற்றிய லாரிகள் புழுதி பறக்க ஓடுவதும் அதிலேயே.

தென்திசையை நாடுவதில் எச்சரிக்கை தேவை. பன்னேர்கட்டாத் தேசியப் பூங்காவும், அதற்கப்பால் தமிழ்நாட்டில் 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும் யானைகளின் வாழிடங்களாகும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்திற்குள் அனுமதியின்றி நுழைதல் கூடாது. ராகி விளையும் காலத்தில் யானைகள் தளி, ஒசூர் வயல்களுக்கும், சில வேளைகளில் மாலூர்ப் பக்கத்திற்கும் வருவதுண்டு. வனப்பகுதியை ஒட்டிய பாதையில் விடியற்காலையில் புறப்படுவது துணிவாகாது.

இப்பகுதியில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. செம்மண் நீரை விரைவில் வடியவிடும் இயல்புடையது. ஆதலால் மழை நின்ற மறுநாளே மேட்டுப்பாதைகள் பயன்படும். ஏரிக்கரைப் பாதைகளின் நிலை வேறு. ஏரி நிரம்பி மறுகால் பாயுமானால் கரைப்பாதை அவ்விடத்தில் துண்டிக்கப்படும். 2018 முதல் பெங்களூரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு, கோரமங்கலா–சல்லகட்டப் பள்ளத்தாக்குத் திட்டத்தின் வழியாகக் கோலார்ப் பகுதி ஏரிகளுக்கு அனுப்பப்படுகிறது. நெடுங்காலம் வறண்டிருந்த ஏரிப்படுகைகளின் குறுக்கே பழைய படங்கள் காட்டும் தடங்களை ஆதலால் நம்பிவிடலாகாது.

தார்ச்சாலையில் மணிக்கு 20 கிலோ மீட்டருக்கு மேல் செல்பவரும் இப்பாதைகளில் 12 கிலோ மீட்டர் என்றே கணக்கிடுவது பாதுகாப்பானது. அவ்வாறாயின் 50 கிலோ மீட்டருக்கு நான்கு மணி நேரத்திற்கும் மேலாகும். சுமார் 40 மில்லிமீட்டர் அகல டயரும், சாலையில் வைப்பதைவிடக் குறைந்த காற்றும் ஏற்றவை. கருவேல முள் இருப்பதால் பஞ்சர் ஒட்டும் கருவிகள் கட்டாயம் வேண்டும். திரும்பும் வழியை ரயில் பாதைக்கு அருகில் வகுத்துக்கொண்டால், வண்டி பழுதானால் மாலூர் அல்லது டேக்கல் நிலையத்தை அடைந்துவிடலாம். மிதிவண்டியை ஏற்றுவதற்கான பதிவு விதிகளை மட்டும் முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். வழி கேட்க நேர்ந்தால், ஊர்ப்பெயரைச் சொல்லிக் கேட்பவருக்குத் தார்ச்சாலையே காட்டப்படும். ‘பண்டிதாரி எங்கே?’ என்று கேட்பவருக்கே வயல்வழி கிடைக்கும். நவம்பர், டிசம்பரில் அறுவடையான ராகிக் கதிர்கள் அவ்வழியில் பரப்பப்பட்டிருந்தால், இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாகச் செல்வதே அங்கு வழக்கமான மரியாதையாகும்.