குளிருக்கு விளக்கா? கோடைக்குத் தண்ணீரா?
ஓர் அணைக்காக மூன்று நாடுகள் பேசும் பேரம்

மத்திய ஆசியாவில் சிர் தரியா என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதன் தண்ணீருக்காக அங்குள்ள நாடுகள் பல ஆண்டுகளாகப் பேரம் பேசி வருகின்றன.

"எனக்கு எவ்வளவு தண்ணீர்?" என்பது மட்டும் தகராறு அல்ல. "அணையை எப்போது திறப்பது?" என்பதுதான் பெரிய தகராறு!

மலை நாடு

கிர்கிஸ்தான் ஒரு மலை நாடு. அங்கே தியான்ஷான் மலை இருக்கிறது. அதன் உச்சியில் கிடக்கும் பனிக்கட்டி கோடையில் உருகி, நரின் என்ற ஆற்றில் சேருகிறது. நரின் கீழே இறங்கி, இன்னோர் ஆற்றுடன் கூடி, சிர் தரியா ஆகிறது. உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான், கஜகஸ்தான் வழியாக ஓடி, வட ஆரல் கடலில் விழுகிறது.

நரின் ஆற்றின் குறுக்கே டோக்டோகுல் அணை நிற்கிறது. உயரம் சுமார் 705 அடி!

பழைய ஏற்பாடு

அணை கட்டியபோது இவை எல்லாம் சோவியத் யூனியனில் இருந்தன. குளிர்காலத்தில் அணையில் தண்ணீரைத் தேக்குவார்கள். கோடையில் திறப்பார்கள். கீழே பருத்தி விளையும். பதிலுக்கு, கிர்கிஸ்தானுக்கு நிலக்கரியும் எரிவாயுவும் வரும்.

1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. அண்ணன் தம்பிகள் தனிக்குடித்தனம் போன கதைதான்! நிலக்கரிக்கும் எரிவாயுவுக்கும் விலை கேட்டார்கள். கிர்கிஸ்தான் என்ன செய்தது? குளிர்காலத்தில் அணையைத் திறந்து மின்சாரம் எடுத்தது.

கீழே ஆறு உறைந்து கிடந்தது. வந்த தண்ணீர் கரை மீறியது. கோடையிலோ வயலுக்குத் தண்ணீர் போதவில்லை!

குளிரில் நடுங்கும் பிள்ளைக்கு வீட்டில் சூடு வேண்டும். வயலை நம்பிய குடும்பத்துக்குத் தண்ணீர் வேண்டும். இரண்டும் நியாயம்தானே?

1998-ல் மூன்று நாடுகள் ஒப்பந்தம் செய்தன. பழைய பண்டமாற்று திரும்பியது. ஆனால் அதில் ஓர் ஓட்டை. நல்ல மழை பெய்த ஆண்டில் கீழே உள்ளவர்களுக்கு அணைத் தண்ணீர் அதிகம் தேவை இல்லை. அப்போது கிர்கிஸ்தானுக்கு எரிபொருளும் குறைந்தது. குளிரோ குறையவில்லை!

கரையும் பனி

இப்போது புதிய கவலை. பூமி சூடாகிறது. 1961 முதல் 2012 வரை தியான்ஷான் பனியில் சுமார் கால் பங்கு கரைந்துவிட்டது.

பனிமலையும் ஓர் அணைதான். குளிரில் சேர்த்து வைக்கும், கோடையில் கொடுக்கும். அதனிடம் யாரும் பேரம் பேச வேண்டாம். பனி வேகமாக உருகும்போது முதலில் ஆற்றில் தண்ணீர் கூடும். பனி சிறுத்த பிறகு குறையும். அப்போது கோடைப் பயிருக்கு, மனிதன் கட்டிய அணையையே மேலும் நம்ப வேண்டும்.

புதிய வழி

டோக்டோகுல் அணைக்கு மேலே கம்பராட்டா என்ற இடத்தில் இன்னொரு பெரிய அணை கட்ட, 2023 ஜனவரியில் கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான் மூன்றும் கையெழுத்திட்டன.

குளிர்காலத்தில் மேல் அணை மின்சாரம் கொடுக்கலாம். அங்கிருந்து வரும் தண்ணீரைக் கீழ் அணை பிடித்து வைத்து, கோடையில் வயலுக்கு விடலாம். மேலே விளக்கும் எரியும். கீழே பயிரும் விளையும்.

ஆனால், அணை மட்டும் இதைச் செய்யாது. நல்ல மழைக் காலத்திலும், பஞ்ச காலத்திலும், மூன்று நாடுகளும் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.