ஃபிரேமுக்கு வெளியே ஒரு பட்டாளம்!

22 வயசு. நம்ம சீனியர்கள் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டப் பழகும் வயசு. அந்த வயசில்தான் நெதர்லாந்து இளவரசர் வில்லியம், 1815 வாட்டர்லூ போரில் நெப்போலியன் படையோடு மோதி, தோளில் குண்டு வாங்கினார். அதற்குக் கிடைத்த மரியாதை... ஐந்தரை மீட்டர் உயரம், எட்டு மீட்டர் அகலத்தில் ஓர் ஓவியம்! ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இருப்பதிலேயே பெரிய ஓவியம் இதுதான்.

வரைந்தவர் பீனமன். முடித்தது 1824-ல். நடுவில் குதிரை மேல் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன், இடது பக்கம் ஸ்ட்ரெச்சரில் நம்ம இளவரசர். பீனமன் இங்கிலாந்துக்கே போய், வெலிங்டனையும் அதிகாரிகளையும் நேரில் பார்த்து முகம் முகமாக வரைந்து வந்தார். அதாவது, போர்க்களம் சும்மா பேக்ரவுண்டுதான். மேட்டர், ஆபீஸர்களின் குரூப் போட்டோ! மன்னர் அதை வாங்கி மகனுக்கே கொடுத்துவிட்டார்.

சரி, சிப்பாய்கள்?

19-ம் நூற்றாண்டு நெதர்லாந்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தது குலுக்கல் முறையில். சீட்டு விழுந்தாலும் பணக்கார வீட்டுப் பையனுக்குக் கவலை இல்லை. காசு கொடுத்து இன்னொருவனைத் தனக்குப் பதிலாக அனுப்பலாம். அதுவும் சட்டப்படி! (நம்ம ப்ராக்ஸி அட்டெண்டன்ஸ் எல்லாம் இதுக்கு முன்னாடி ஜுஜுபி.) 1898-ல்தான் இதை ஒழித்தார்கள். ஆக, தங்கச் சரிகை வைத்த யூனிஃபார்ம் ஓவியமாகி வீட்டுச் சுவரில் தொங்கியது. காசுக்காக அடுத்தவன் இடத்தில் போய் நின்றவனை யார் வரைவார்கள்?

ஏழைக்கும் சுவரில் இடம் கிடைத்தது உண்டு. ஆனால், ரேட் ரொம்ப அதிகம். வான் ஸ்பைக், ஆம்ஸ்டர்டாமில் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். 1831 பிப்ரவரி 5, ஆன்ட்வெர்ப் துறைமுகம். பெல்ஜியக்காரர்கள் கையில் சிக்காமல் இருக்க, தன் பீரங்கிப் படகின் வெடிமருந்துக்கு அவரே தீ வைத்தார். படகில் இருந்த பெரும்பாலானவர்களும் காலி. அப்புறம் அவர் முகம் ஓவியத்தில், அச்சுப் படங்களில்... எங்கும் அவர்தான். கூடச் செத்த மாலுமிகள் யார் யார்னு கேட்டால், படத்தில் பதில் இல்லை.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இன்னொரு படம். யான் கூய், ஆப்பிரிக்காவின் எல்மினா பக்கத்துக்காரர். இன்றைய கானா. 1831-லிருந்து 1872 வரை சுமார் 3,000 ஆப்பிரிக்கர்களை டச்சுக்காரர்கள் இந்தோனேஷியத் தீவுகளில் சண்டை போட அழைத்துப் போனார்கள். அப்படிப் போனவர்களில் யான் கூயும் ஒருவர். நாட்டின் உயர்ந்த வீர விருதான 'மிலிட்டரி வில்லியம்' விருது, பதவி பார்க்காமல் சிப்பாய்க்கும் கிடைக்கும். அதை வாங்கினார். ஓவியர் லைக் அவரைப் பதக்கங்களோடு வரைந்தார். அந்தப் படத்தில் இளவரசர் இல்லை, வெலிங்டன் இல்லை. அவர் மட்டும்தான். ஆனால் பெயர்? ஆப்பிரிக்க வீரர்களுக்குப் படையில் சேரும்போது டச்சுப் பெயர் சூட்டுவது வழக்கம். 'யான் கூய்' அப்படி வந்த பெயர்தான்.