முகவர் நிரலும் கருவி விளக்கமும்

முன்னுரை

ஒரு நூற்கு எழுந்த உரையைக் கற்போர் மூலத்தையும் உடன்வைத்துக் கற்பர். உரை ஓரிடத்துப் பிழைபடினும் மூலம் அவர்களைத் திருத்தும். செயற்கை நுண்ணறிவு முகவர்க்கு இவ்வாய்ப்புப் பெரும்பாலும் இல்லை. மாந்தர் ஏவலை ஏற்றுப் பிற மென்பொருள்களைத் தானே இயக்கிச் செயல் முடிக்கும் நிரலையே ஈண்டு முகவர் நிரல் என்கின்றோம். அந்நிரல் ஒரு கருவியின் இயல்பை அறிவது அதற்கு எழுதப்பட்ட விளக்கத்தின் வாயிலாகவே. ஆதலின், விளக்கத்தின் குற்றம் செயலின் குற்றமாய் முடிகின்றது. இதனை டாஸ்க்வாரியர் என்னும் பணி மேலாண்மை மென்பொருளைச் சான்றாகக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளக்கத்தின் உறுப்புகள்

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் நெறிமுறையை வெளியிட்டது. முகவர் நிரலைப் புறக்கருவிகளோடு இணைத்தற்குரிய பொதுநெறி இதுவாகும். இதன்படி ஒரு கருவிக்குப் பெயர், விளக்கம், உள்ளீட்டு வரையறை என்பன அமைகின்றன. பெயர் கருவியைச் சுட்டும். வரையறை, அது கொள்ளும் மதிப்புகள் இவையென வகுக்கும். எப்பொழுது வழங்குதல் வேண்டும், எப்பொழுது வழங்கலாகாது, விளைவு யாது என்பவற்றை உரைக்கும் கடமை விளக்கத்தின்பாலது.

டாஸ்க்வாரியர் 2008இல் வெளிவந்தது, திறமூல மென்பொருள், தட்டச்சிடும் கட்டளைகளால் இயங்குவது. மாந்தர்க்கென ஆக்கப்பட்ட இதனை நிரலொன்று கையாளும்போது விளக்கத்தின் தேவை நன்கு புலனாகும். நன்னூற் பாயிரம் வகுத்த பத்துக் குற்றங்களுள் மூன்றன் பெயர்களை இவ்வாராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வோம்.

குன்றக் கூறல்

டாஸ்க்வாரியர் ஒவ்வொரு பணிக்கும் 1, 2, 3 எனச் சிறு வரிசை எண்ணைத் தருகின்றது. இவ்வெண் நிலையானதன்று. முதற்பணி முடிந்தபின் பட்டியலை மீண்டும் காட்டுவிப்பின், எஞ்சியவை புதிதாக எண்ணப்பெறும். முன்னர் 3ஆக இருந்தது 2ஆகும். மாந்தர் பட்டியலைக் கண்முன் வைத்தே எண்ணைத் தட்டச்சிடுவர். எனவே பிழை அரிது. முகவர் நிரலோ முன்னர்ப் பெற்ற பட்டியலைக் கொண்டு ‘3 முடிந்தது’ என ஏவி, வேறொரு பணியை முடித்துவிடும். ஒவ்வொரு பணிக்கும் யூயூஐடி என்னும் மாறாத அடையாளமும் உண்டு. ‘பணியின் எண்ணைத் தருக’ என்னும் விளக்கம் குன்றக் கூறலாம். ‘யூயூஐடியையே தருக, வரிசை எண் மாறும் இயல்பினது’ என்பதே நிறைவுடைய விளக்கம்.

மயங்க வைத்தல்

பணிக்குரிய நாள்கள் பலவகை. ‘டியூ’ என்பது பணி முடிய வேண்டிய நாள். ‘வெயிட்’ என்பது அதுவரை பணியைப் பட்டியலில் மறைத்துவைக்கும் நாள். ‘அன்டில்’ என்பதோ, அந்நாள் கழிந்தால் பணியே நீக்கப்படும் எல்லை. இவற்றை வேறுபாடின்றி ‘இறுதி நாள்’ என எழுதின், ‘வெள்ளிக்குள் வரி கட்டவேண்டும்’ என்று ஒருவர் கூறியதை நிரல் ‘அன்டில்’ எனக் கொள்ளக்கூடும். வெள்ளி கழிந்ததும் அப்பணி பட்டியலினின்றும் மறையும். வரியோ கட்டப்படாமல் நிற்கும். உரியவரும் அதனை அறியார்.

அழித்தற் பொருளிலும் இத்தகு மயக்கம் உண்டு. ‘டன்’ முடிந்ததெனக் குறிக்கும். ‘டெலீட்’ நீக்கியதெனக் குறிக்குமேயன்றித் தரவை அறவே அழிப்பதில்லை. ‘பர்ஜ்’ என்பதே நீக்கியதை மீட்கவியலாதவாறு அழிப்பது. மீட்சி உண்டா இல்லையா என்பதை இம்மூன்றற்கும் தனித்தனியே விளக்கம் உரைத்தல் இன்றியமையாதது. ‘டெலீட்’ ஏவப்படும்போது மென்பொருள் உறுதி வேண்டி வினவும். நிரல் தடையின்றி இயங்கும்பொருட்டு அவ்வினாவை நிறுத்திவைப்பாரும் உளர். அவ்வாறு நிறுத்தியவிடத்து விளக்கத்தின் பொறுப்பு இருமடங்காகின்றது.

மிகைபடக் கூறல்

அங்ஙனமாயின் கையேடு முழுவதையும் விளக்கத்தில் அடக்கலாமோ எனின், ஆகாது. நிரல் ஒருங்கே நோக்கவல்ல சொற்பரப்பு அளவுடையது. கருவிகளின் விளக்கங்கள் அனைத்தும் அப்பரப்பிலேயே இடம்பெறும். வண்ணங்களை அமைத்தல் போன்ற கண்ணுக்குரிய செய்திகள் நிரலுக்குப் பயனற்றவை. அவை மிகுந்தால் எச்சரிக்கை புதைந்துபோம்.

முடிவுரை

விளக்கம் ஒன்றே போதும் என்பது எம் கருத்தன்று. மேற்கூறிய நெறிமுறையின் 2025 மார்ச்சுப் பதிப்பு, கருவி படித்தல் மட்டும் செய்வதா, அழிக்கவும் வல்லதா என உணர்த்தும் அடையாளங்களைச் சேர்த்தது. எனினும் அவை குறிப்புகளேயன்றித் தடைகள் அல்ல. மீளாச் செயலுக்கு மாந்தர் ஒப்புதலைக் கட்டாயமாக்குதலும், ‘பர்ஜ்’ போன்றவற்றை நிரலின் கைக்கு எட்டாது வைத்தலும் அமைப்போர் கடன்.

எஞ்சியது எழுதுவோர் கடன். வழக்கறிவால் விளங்கும் என்று மாந்தர்க்கு எழுதும்போது விடுத்தவற்றையெல்லாம் இங்கு வெளிப்பட எழுதுதல் வேண்டும். ஐயுற்றவிடத்து வினவாது, உய்த்துணர்ந்து செயலில் இறங்கும் படிப்பாளர்க்கே இவ்வுரை எழுதப்படுகின்றது.