நீரும் விதியும் – 9: நெய்த துணி என்னும் வரம்பு

கொல்கத்தாவின் தென்பகுதியில் லேக் கார்டன்ஸ் குடியிருப்பையும் ரவீந்திர சரோபர் ஏரியையும் பட்ஜ்பட்ஜ் செல்லும் ரயில் பாதை பிரிக்கிறது. 1920-களில் வெட்டப்பட்ட அந்த ஏரியின் கரையில், முன்னர் ஆண்டர்சன் கிளப் எனப்பட்ட இந்திய உயிர்காப்புச் சங்கம் நீச்சல் பயிற்றுவித்து வருகிறது. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்ற சச்சின் நாக், 1959 செப்டம்பர் 29 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்ணான ஆரத்தி சாஹா, 1966-ல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிவரை பாக் நீரிணையை நீந்திக் கடந்த மிஹிர் சென் ஆகியோர் இந்நகரத்தின் நீச்சல் மரபைச் சேர்ந்தவர்கள்.

கால்வாய் நீச்சலின் விதி இங்கே கவனிக்கத்தக்கது. உடலில் கிரீஸ் பூசிக்கொள்வதை அது அனுமதிக்கிறது. ஆனால் உடல் வெப்பத்தைக் காக்கும் உடையையும், மிதக்க உதவும் உடையையும் ஏற்பதில்லை. உடை உடலை மறைக்கலாம், நீந்துபவரின் வேலையில் பங்கெடுக்கக் கூடாது என்பதே அதன் உட்கருத்து. கடலில் இவ்வளவு தெளிவாக இருந்த இந்தக் கொள்கை, நீச்சல் குளத்துக்குள் வர 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2008 பிப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம் எல்இசட்ஆர் ரேசர் என்ற உடையை அறிமுகப்படுத்தியது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது என்பதால், நீந்துபவரின் ஆற்றலில் பெரும்பங்கு முன்னேறும் உடலைப் பின்னுக்கு இழுக்கும் எதிர்ப்பை, அதாவது இழுவையை, வெல்வதிலேயே செலவாகிறது. நாசாவின் ஆய்வுக்கூடத்தில் துணிகளின் இழுவை அளக்கப்பட்டு, அதன் அடிப்படையில் உருவான இவ்வுடையில் தையலே இல்லை; ஓரங்கள் மீயொலி அலைகளால் ஒட்டப்பட்டன; உடலை இறுக்கிப் பிடிக்கும் பாலியுரித்தேன் பட்டைகள் மார்பிலும் தொடையிலும் பதிக்கப்பட்டன. ஒருவர் அதற்குள் தம்மை நுழைத்துக்கொள்ள இருபது நிமிடங்களுக்கு மேலும் ஆகும். அடுத்த ஆண்டே ஜேக்கட், அரீனா ஆகிய நிறுவனங்கள் முழுக்க முழுக்க பாலியுரித்தேனால் ஆன உடைகளைக் கொண்டுவந்தன. இப்பொருள் நீரை உள்ளே விடாது. தோலுக்கும் உடைக்கும் இடையே சிறிது காற்றையும் சிறைப்பிடிக்கும். இதனால் இடுப்பும் காலும் நீர்மட்டத்தை ஒட்டி உயர்ந்து நிற்க, பந்தயத்தின் கடைசிப் பகுதியில் களைப்பால் உடல் தாழும் இயல்பான குறை மறைந்துபோகிறது. 2009 ஜூலை, ஆகஸ்டில் ரோமில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 43 உலக சாதனைகள் முறிந்தன. 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் மைக்கேல் ஃபெல்ப்ஸை வென்ற ஜெர்மனியின் பால் பீடர்மானே, உடையும் தமக்கு உதவியது என்பதை மறைக்கவில்லை.

அந்தப் போட்டிகள் தொடங்கும் முன்பே சர்வதேச நீச்சல் கூட்டமைப்பான ஃபினாவின் பேரவை தடைக்கு ஆதரவாகப் பெரும்பான்மையில் வாக்களித்திருந்தது. 2010 ஜனவரி 1 முதல் ஆண்களின் உடை இடுப்பிலிருந்து முழங்கால் வரையும், பெண்களின் உடை தோளிலிருந்து முழங்கால் வரையும் மட்டுமே இருக்கலாம், நெய்த துணியே பொருளாக இருக்க வேண்டும், தடிமன் 0.8 மில்லிமீட்டரையும், மிதப்பு விசை 0.5 நியூட்டனையும் தாண்டக் கூடாது; ஜிப் கூடாது. துணியின் வழியே ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு 80 லிட்டருக்கு மேல் காற்று ஊடுருவ வேண்டும் என்ற நிபந்தனையே இவற்றுள் மிகக் கூர்மையானது. ஏனெனில் நீளத்தையும் வடிவத்தையும் மட்டும் கட்டுப்படுத்தியிருந்தால், உற்பத்தியாளர்கள் குட்டை உடையிலும் அதே பொருளைப் பயன்படுத்தியிருப்பார்கள். விதி சரியானது, தாமதமானதே பிழை. தானே அனுமதித்த உடைகளைத் தானே தடைசெய்த ஃபினா, அவற்றில் படைக்கப்பட்ட சாதனைகளைப் பட்டியலில் அப்படியே விட்டுவைத்தது. பீடர்மானின் 400 மீட்டர் சாதனையை லூகாஸ் மார்ட்டென்ஸ் முறியடிக்க 2025 ஏப்ரல் வரை ஆனது. நெய்த துணியில் நீந்திய ஒரு தலைமுறையே, மற்றொரு வகை உடையின் நேரங்களோடு போட்டியிட நேர்ந்தது. அப்பட்டியலைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தால் அவர்களுக்கு நியாயம் கிடைத்திருக்கும்.

இந்தியாவின் வீர்தவல் காடே 2009-ல் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் பதித்த 22.52 நொடி தேசிய சாதனை ஒன்பது ஆண்டுகள் நின்றது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவரே அதை 22.43 ஆக்கினார். இடையே வட்டாட்சியர் பணியும் பயிற்சியில் நீண்ட இடைவெளியும் இருந்ததால், அந்தத் தேக்கத்தை உடையின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. அதே போட்டியின் இறுதிச்சுற்றில் அவர் வெண்கலத்தை நூறில் ஒரு நொடியில் இழந்தார். அனைவரும் ஒரே விதிக்கு உட்பட்ட துணியில் நீந்தியதால்தான் அந்த நூறில் ஒரு நொடி நீந்தியவர்களுக்கு இடையிலான வேறுபாடாகக் கருதத் தக்கதாயிற்று.

விலை பற்றிய கேள்வி மட்டும் இவ்விதியால் தீரவில்லை. எல்இசட்ஆர் ரேசர் வந்தபோது ஏறக்குறைய 550 டாலருக்கு விற்றது; இன்றைய அங்கீகரிக்கப்பட்ட பந்தய உடைகளும் நடுத்தரக் குடும்பத்துக்கு எளிதானவை அல்ல. 12 வயதுக்கும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் இத்தகைய உடைகளை அணிவதை அமெரிக்க நீச்சல் அமைப்பு 2020 செப்டம்பர் முதல் தடுத்தது. சரோபர் கரையிலும் சென்னைக் குளங்களிலும் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோரின் செலவைக் குறைக்க, அதைப் போன்ற வயது வரம்பு ஒலிம்பிக் விதிகளைவிடக் கூடுதலாகப் பயன்படும்.