மஞ்சளும் வேம்பும் ஆக்கவுரிமை அலுவலகத்தில்

காலில் முள்ளுக் குத்தினாலோ, மண்வெட்டி பட்டுக் காயம் ஏற்பட்டாலோ மஞ்சளை அரைத்துப் பூசிக் கட்டுவது எங்கள் வீடுகளில் எவரும் சொல்லித்தர வேண்டிய காரியமல்ல. ஆச்சி செய்ததை அம்மா கண்டார், அம்மா செய்ததைப் பிள்ளைகள் கண்டார்கள். வீட்டையும் வயலையும் விட்டு வெளியேறிய வேளையில் எத்தனையோ பொருட்கள் பின்னால் நின்றுவிட்டன. இந்தக் கைமுறைகள் மட்டும் எம்மோடு கூடவே வந்தன.

இந்த மஞ்சள் வைத்தியத்துக்கு 1995 மார்ச் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவில் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள், காயத்தை ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறை தங்களுடைய கண்டுபிடிப்பு என விண்ணப்பித்தார்கள். அலுவலகமும் ஏற்றுக்கொண்டது. அந்த இருவருமே இந்திய வம்சாவளியினர் என்பதை அறிந்தால் எங்கள் ஆச்சிமார் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

ஆக்கவுரிமை, அதாவது ஆங்கிலத்தில் பேற்றன்ற் எனப்படுவது, ஒரு புதிய கண்டுபிடிப்பைச் செய்தவருக்கு அரசு வழங்கும் தனியுரிமையாகும். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடங்களுக்கு அவரது அனுமதியின்றி வேறெவரும் அதனைச் செய்யவோ, விற்கவோ முடியாது. அந்த உரிமை வழங்கிய நாட்டுக்குள் மட்டுமே செல்லும். அமெரிக்காவில் பெற்ற மஞ்சள் உரிமையைக் காட்டி எவரும் வன்னியில் ஒரு தாயைத் தடுக்க முடியாது. ஆனால் அங்கே சரக்கை ஏற்றுமதி செய்பவரைத் தடுக்கலாம். அந்தத் தடை இறுதியில் பயிரிட்டவனின் தோளிலேயே வந்து விழும்.

உரிமை கொடுப்பதற்கு முன்னர் அலுவலகத்திலுள்ள பரிசீலகர் ஒருவர் விண்ணப்பத்தை ஆராய்வார். அவர் கேட்கும் முதற் கேள்வி, ‘இது முன்னரே எங்காவது அறியப்பட்டதா?’ என்பதாகும். அதற்கு விடைகாண அவர் பழைய ஆக்கவுரிமைகளையும், விஞ்ஞான சஞ்சிகைகளையும், நூல்களையும் தேடுவார். அவர் ஊர் ஊராகச் சென்று விசாரிப்பதில்லை. அவருடைய மேசைக்கு வராத அறிவு அவரைப் பொறுத்தவரையில் இல்லாத அறிவுதான்.

கோப்புகள் குவிந்த கதை

ஒரு நிறுவனம் தன் கண்டுபிடிப்பை ஐந்து நாடுகளில் விற்க விரும்பினால் ஐந்து நாடுகளிலும் விண்ணப்பிக்க வேண்டும். ஐந்து பரிசீலகர்கள் ஒரே கோப்பைத் தனித்தனியே புரட்டுவார்கள். இதனால் அலுவலகங்களில் கோப்புகள் மலையாகக் குவிந்தன; ஒரு முடிவுக்காக வருடக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

இந்தச் சுமையைக் குறைக்க 1970 ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்யப்பட்டது. ஒரே சர்வதேச விண்ணப்பம், அதற்கு ஒரு தேடல் அறிக்கை, அந்த அறிக்கையை எல்லா நாடுகளும் பார்க்கலாம் என்பதே அதன் ஏற்பாடு. இலங்கை 1982 ஆம் ஆண்டு முதல் இதில் அங்கத்துவம் வகிக்கிறது.

அடுத்த பெரிய அடி 2006 ஜூலை மாதத்தில் வைக்கப்பட்டது. யப்பானிய அலுவலகமும் ஐக்கிய அமெரிக்க அலுவலகமும் தமக்கிடையே ஒரு விரைவுப் பாதையைத் திறந்தன. முதலில் விண்ணப்பித்த நாட்டின் அலுவலகம் ‘இந்தக் கோரிக்கைக்கு உரிமை வழங்கலாம்’ என்று கண்டால், அந்தத் தீர்ப்பைக் காட்டி இரண்டாவது நாட்டில் வரிசையைத் தாண்டி முன்னே செல்லலாம். தெரிந்த வைத்தியர் எழுதிய துண்டுடன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது போன்றது இது. இரண்டாவது பரிசீலகர் முதலாமவர் தேடியவற்றைப் பார்த்து, தன் நாட்டுச் சட்டப்படி தானே முடிவு செய்வார். தென்கிழக்காசிய நாடுகள் 2009 இல் தமக்குள் இதையொத்த ஒத்துழைப்பைத் தொடங்கின. 2014 இல் ஐரோப்பா, யப்பான், கொரியா, சீனா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஐந்து பெரிய அலுவலகங்களும் தமக்கிடையே இந்தப் பாதையை அமைத்துக்கொண்டன. இந்தியாவும் யப்பானும் 2019 டிசம்பரில் சேர்ந்துகொண்டன.

ஒரே வேலையை ஐந்து பேர் திரும்பத் திரும்பச் செய்வதில் யாருக்கும் இலாபமில்லை. நல்லதொரு நீர்ப்பம்பியைக் கண்டுபிடித்த ஏழை மெக்கானிக்குக்கூட நீண்ட காத்திருப்பு நட்டமே. ஆகவே இந்த ஒத்துழைப்பைக் குறை சொல்ல நாம் முன்வரவில்லை. எமது கவலை வேறொன்று. இந்தப் பாதையில் ‘ஆம்’ என்ற தீர்ப்பே பயணம் செய்கிறது. ‘இல்லை’ என்று தீர்க்கப்பட்டவர் அந்தத் துண்டை அடுத்த அலுவலகத்துக்குத் தானாகக் கொண்டுபோய்க் காட்டப் போவதில்லை. பெரிய அலுவலகங்கள் இப்போது ஒன்றின் கோப்பை மற்றொன்று கணனியில் பார்க்க வசதி செய்துள்ளன என்பது உண்மை. ஆனால் பார்க்க முடிவது வேறு, பார்ப்பது வேறு. முதலாவது மேசையில் ஒரு குறை இருந்தால், அது விரைவாகவே இரண்டாவது மேசையையும் எட்டிவிடக்கூடும்.

கொடுப்பது சுலபம், மீட்பது கடினம்

முதலாவது மேசையில் குறை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சில பழைய வழக்குகளைப் பார்க்கலாம். இவை விரைவுப் பாதை வருவதற்கு முன்னர் வழங்கப்பட்ட உரிமைகள். அந்தப் பாதையின் மேல் இவற்றின் பழியைப் போட முடியாது.

மஞ்சள் வழக்கு ஓரளவு விரைவில் தீர்ந்தது. இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் 1996 இல் மறுபரிசீலனை கேட்டது. சமஸ்கிருத நூலொன்றும், 1953 இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையொன்றும் அடங்கலாக 32 சான்றுகளை அது முன்வைத்தது. 1997 இல் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன. வெற்றிக்குக் காரணம், யாரோ எப்போதோ அதை எழுதி அச்சிட்டு வைத்திருந்தார்கள் என்பதுதான்.

வேம்பின் கதை நீண்டது. வேப்பெண்ணெயிலிருந்து பெறும் சாற்றைக் கொண்டு பயிர்களில் பூஞ்சண நோயைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற கம்பனியும் ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களமும் 1994 செப்டெம்பரில் ஐரோப்பிய உரிமை பெற்றன. நெல் மூட்டைக்குள் காய்ந்த வேப்பிலை போட்டும், வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளித்தும் பழகிய எமக்கு இது வியப்பாயிருக்கும். 1995 இல் வந்தனா சிவா, ஐரோப்பிய பாராளுமன்றப் பசுமைக் கட்சியினர், சேதன விவசாய இயக்கங்களின் சர்வதேச சம்மேளனம் ஆகியோர் ஆட்சேபித்தார்கள். 2000 மே மாதத்தில் மியூனிச் நகரில் விசாரணை நடைபெற்றது. 1985 இலும் 1986 இலும் மகாராஷ்டிர மாநிலத்து வயல்களில் அத்தகைய வேப்பஞ் சாறு தெளித்துச் சோதிக்கப்பட்டது என இந்தியாவிலிருந்து வந்த ஒருவர் சாட்சியளித்தார். உரிமை இரத்துச் செய்யப்பட்டது. கம்பனி மேன்முறையீடு செய்தது. அதுவும் தள்ளுபடியானது 2005 மார்ச் மாதத்தில்தான். கொடுத்த நாளிலிருந்து பத்து வருடங்களுக்கு மேல்.

மெக்சிக்கோ விவசாயிகளின் அனுபவம் எல்லாவற்றிலும் கசப்பானது. நாம் போஞ்சி என்று சொல்லும் செடியின் முற்றிய விதைகளை அந்நாட்டவர்கள் நாளாந்த உணவாகக் கொள்கிறார்கள். அவற்றில் மஞ்சள் நிற விதையும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து விதை வியாபாரி ஒருவர் 1994 இல் மெக்சிக்கோவில் ஒரு பை விதை வாங்கிச் சென்று, சில போகங்கள் விதைத்துத் தெரிவு செய்து, 1996 இல் விண்ணப்பித்தார். 1999 ஏப்ரலில் உரிமை கிடைத்தது. அதன்பின் மெக்சிக்கோவிலிருந்து அத்தகைய மஞ்சள் விதையை இறக்குமதி செய்த கம்பனிகளிடம் இறாத்தலுக்கு ஆறு சதம் கேட்டார். எல்லையில் மூட்டைகள் சோதிக்கப்பட்டன. வடமெக்சிக்கோ விவசாயிகள் தம் சந்தையை இழந்தார்கள். கொலம்பியாவிலுள்ள சர்வதேச வெப்பவலய விவசாய நிலையம், தன் விதைக் களஞ்சியத்திலிருந்த மஞ்சள் இனங்களைச் சான்றாகக் காட்டி 2000 டிசம்பரில் மறுபரிசீலனை கேட்டது. 2009 ஜூலையில்தான் நீதிமன்றம் அந்த உரிமையை முற்றாக நிராகரித்தது. இரண்டரை வருடத்தில் கொடுத்ததை மீட்க எட்டரை வருடம். அந்தப் பத்து வருடங்களும் விதைத்தவர்களுக்கு எவரும் நட்டஈடு கொடுத்ததாக நாம் அறியவில்லை.

வாய்வழி அறிவு கணக்கில் வருமா?

இதில் ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. ஐரோப்பிய சட்டத்தின்படி உலகின் எந்த மூலையில் ஒன்று பகிரங்கமாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலும் அது ‘முன்னரே அறியப்பட்டது’ ஆகும். ஆகவேதான் மகாராஷ்டிர வயல்களின் கதைக்கு மியூனிச்சில் பெறுமதி இருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 2013 மார்ச் வரை அப்படியில்லை. வெளிநாட்டில் ஒரு முறை எத்தனை தலைமுறை கையாளப்பட்டிருந்தாலும், அது அச்சில் வராதிருந்தால் அங்கே கணக்கில் எடுக்கப்படவில்லை. இப்போது சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் பரிசீலகரின் கண்ணுக்குப் புலப்படுவது இன்றும் பெரும்பாலும் எழுத்தில் உள்ளதுதான்.

இதற்கு இந்தியா கண்ட வழியைச் சொல்ல வேண்டும். 2001 ஆம் ஆண்டில் பாரம்பரிய அறிவுக்கான கணனி நூலகமொன்றை அமைக்கத் தொடங்கினார்கள். ஆயுர்வேத, யுனானி நூல்களோடு தமிழிலுள்ள சித்த வைத்திய நூல்களும் அதில் அடங்கும். அவற்றிலுள்ள மருந்து முறைகளை ஆங்கிலம், ஜேர்மன், பிரெஞ்சு, ஸ்பானியம், யப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில், பரிசீலகர் தேடக்கூடிய விதத்தில் ஒழுங்குபடுத்தினார்கள். 2009 பெப்ரவரியில் ஐரோப்பிய அலுவலகத்துடனும், பின்னர் ஐக்கிய அமெரிக்கா, யப்பான் முதலிய நாடுகளின் அலுவலகங்களுடனும் ஒப்பந்தம் செய்து நூலகத்தை அவர்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

பலன் உடனே தெரிந்தது. தோலில் வரும் வெண்புள்ளி நோய்க்கு மருந்தென ஸ்பெயின் நாட்டு நிறுவனமொன்று கேட்டிருந்த உரிமையை வழங்க ஐரோப்பிய அலுவலகம் ஏற்கெனவே எண்ணியிருந்தது. 2009 இல் இந்த நூலகத்திலிருந்து யுனானி நூற் சான்று போனது. சில வாரங்களுக்குள் அந்த எண்ணம் கைவிடப்பட்டது. வேம்புக்குப் பத்து வருடம், இதற்குச் சில வாரம். அலுவலகங்கள் தமக்குள் தீர்ப்பை மட்டும் பரிமாறாமல் அறிவையும் பரிமாறினால் விரைவும் நீதியும் ஒருங்கே கிடைக்கும் என்று இதைப் பார்த்தே சொல்கிறோம்.

நாம் செய்யக்கூடியது

இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் இங்கு ஆக்கவுரிமை வழங்க முடியாது. ஆயினும் பிறநாட்டில் கேட்கப்படும் உரிமையை இச்சட்டம் தடுக்காது.

அதற்கு ஒரு சிறிய வாசல் உண்டு. சர்வதேச விண்ணப்பங்கள் சாதாரணமாக 18 மாதங்களின் பின் பகிரங்கப்படுத்தப்படுகின்றன. 2012 ஆம் ஆண்டு முதல், உலகின் எவரும் கட்டணமின்றி, ‘இது முன்னரே அறியப்பட்டது, இதோ சான்று’ என்று குறிப்பனுப்பலாம்; முதல் விண்ணப்பத் திகதியிலிருந்து 28 மாதங்கள் வரை அவகாசம் உண்டு. ஐரோப்பிய அலுவலகமும் எவரிடமிருந்தும் இத்தகைய குறிப்பை ஏற்கும். உரிமை வழங்கிய பின்னரும் ஒன்பது மாதங்களுக்குள் ஆட்சேபிக்கலாம். பரிசீலனை விரைவாக விரைவாக, முடிவுக்கு முன்னர் குறிப்பனுப்ப எஞ்சும் நாட்களும் குறையும் என்பதை மறக்கக்கூடாது. தமிழில் எழுதி அனுப்பவும் முடியாது. எனவே விவசாயச் சங்கங்கள் பல்கலைக்கழகத்தாரையோ சட்டத்தரணிகளையோ நாட வேண்டியிருக்கும்.

2024 மே மாதத்தில் ஜெனீவாவில், உயிரின வளங்களையும் அவைபற்றிய பாரம்பரிய அறிவையும் ஆதாரமாகக் கொண்ட கண்டுபிடிப்பாயின் அவை எங்கிருந்து வந்தன என்பதை விண்ணப்பகாரர் சொல்ல வேண்டும் என்ற புதிய உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 15 நாடுகள் அதில் கட்டுப்படச் சம்மதித்த பின்னரே அது நடைமுறைக்கு வரலாம் என்பது அதன் விதி.

ஊர் மாறி வந்த குடும்பங்களில் இன்னும் சில முதியவர்கள் பழைய நெல்லினங்களின் பெயரையும், பூச்சிக்குத் தெளித்த கரைசலின் அளவையும், மாட்டுக்குக் கொடுத்த மருந்தையும் சொல்லக்கூடியவர்களாக இருக்கிறார்கள். பிள்ளைகளில் ஒருவர் கொப்பியொன்றை எடுத்து எழுதட்டும்: என்ன செடி, எந்தப் பகுதி, எவ்வளவு, எதற்கு, எந்த ஊரில், யாரிடம் கற்றது, எழுதிய திகதி. ஆனால் பெட்டிக்குள் பூட்டி வைத்த கொப்பி ஆக்கவுரிமை அலுவலகத்தில் செல்லாது; பொதுமக்கள் பார்க்கக்கூடியதாக அது நூலகத்திலோ அச்சிலோ இருக்க வேண்டும். பகிரங்கப்படுத்தினால் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதும் உண்மையே. இந்திய நூலகம் நீண்ட காலம் பரிசீலகர்களுக்கு மட்டும் திறந்திருந்ததற்கு இந்த அச்சமே காரணம். வேம்பும் மஞ்சளும் போன்று எல்லோரும் அறிந்தவற்றை எழுதி வெளியிடுவதில் நட்டமில்லை. ஒரு பரம்பரை வைத்தியர் தன் குடும்பத்துக்குள் வைத்திருக்கும் முறையாயின், எழுதுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.