"தொட்டில்ல இருந்து விழுந்திடுச்சு!"
ஸ்கேன் சொல்வது வேறு கதை: பச்சைக் குழந்தையின் தலைக்காயத்தை டாக்டர்கள் கண்டுபிடிப்பது எப்படி?

விருதுநகர்: பட்டாசு வெடித்துக் கை கருகினால் பார்த்ததுமே தெரிந்துவிடும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துக்கு அது பழகிப்போன சோகம். ஆனால் வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் கைக்குழந்தையின் உயிரைக் குடிக்கும் காயம் ஒன்று உண்டு. அதுதான் மூளைக்குள் ரத்தக் கசிவு!

ஆத்திரத்தில் யாரோ ஒருவர் குழந்தையின் இரு தோளையும் பிடித்துப் படபடவென்று உலுக்குகிறார். அல்லது கட்டிலில் வீசி எறிகிறார். சில விநாடிதான். குழந்தைக்குத் தலை கனம். கழுத்தில் பலம் கிடையாது. தலை முன்னும் பின்னும் ஆடும்போது மூளையும் மண்டை ஓட்டுக்குள் ஆடுகிறது. மெல்லிய ரத்தக் குழாய்கள் அறுந்துவிடுகின்றன. ரத்தம் தேங்கி மூளையை அழுத்துகிறது.

உரமா? தொக்கமா?

குழந்தை பால் குடிக்காது. வாந்தி எடுக்கும். துவண்டுவிடும். வலிப்பு வரும். உச்சிக்குழி புடைத்திருக்கும்.

"உரம் விழுந்திருக்கு" என்று சேலையில் போட்டு உருட்டுவார்கள். "தொக்கம் எடுக்கணும்" என்று தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். சில நேரம் டாக்டரும் வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்து அனுப்பிவிடுவது உண்டு.

விளைவு பயங்கரம்! அமெரிக்காவின் டென்வர் நகர டாக்டர்கள், அடித்துத் துன்புறுத்தப்பட்டுத் தலையில் காயம்பட்ட 173 குழந்தைகளின் கேஸ்களை ஆராய்ந்து 1999-ல் வெளியிட்டார்கள். 54 கேஸ்களில் டாக்டர்கள் முதலில் உண்மையைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த 54 பேரில் 15 பேர் மறுபடியும் காயம்பட்டார்கள். 5 பேர் இறந்தார்கள். முன்பே கண்டுபிடித்திருந்தால் அந்த 5 பேரில் 4 பேர் பிழைத்திருக்கக்கூடும்!

நம் நாட்டில்...

2012 ஜனவரியில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு 2 வயதுப் பெண் குழந்தை கொண்டுவரப்பட்டது. கட்டிலில் இருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். மூளையில் பலத்த காயம். கைகளில் எலும்பு முறிவு. உடம்பில் மனிதப் பல் பதிந்த தடம்! கட்டில் கடிக்குமா? குழந்தை மார்ச் 15-ந் தேதி இறந்தது. அடுத்த மாதமே பெங்களூர் வாணி விலாஸ் ஆஸ்பத்திரியில் 3 மாதப் பெண் குழந்தை தலைக்காயத்தால் இறந்தது. தகப்பனைப் போலீசார் கைது செய்தார்கள்.

துப்பறியும் டாக்டர்கள்

முதலில் டாக்டர் கவனிப்பது, சொல்லும் கதையும் காயமும் பொருந்துகிறதா என்பதைத்தான். தாழ்வான தொட்டிலில் இருந்து விழுந்தால் புடைப்பு வரலாம். மண்டையில் கீறல்கூட விழலாம். மூளை முழுக்க ரத்தம் பரவுவது அபூர்வம். நேரத்துக்கு ஒரு கதை சொன்னால் சந்தேகம் வலுக்கும். புரளக்கூடத் தெரியாத குழந்தையின் காதிலும் கழுத்திலும் கன்றிப்போயிருந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

அடுத்து ஸ்கேன். பிறகு கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, பாப்பாவை விரிய வைத்து விழித்திரையைப் பார்ப்பார். உலுக்கப்பட்ட குழந்தைகளில் பலருக்கு அங்கே ரத்தத் திட்டுகள் தெரியும். உடம்பு முழுக்க எக்ஸ்ரே எடுத்தால், பழைய விலா எலும்பு முறிவும் அகப்படலாம்.

அவசரம் கூடாது!

ரத்தத்தைப் பார்த்ததும் பெற்றோரைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. பிறந்ததும் போடும் 'வைட்டமின் கே' ஊசி விட்டுப்போன குழந்தைக்கு, யாரும் தொடாமலே மூளையில் ரத்தம் கசியலாம். ரத்தம் உறையாத நோயும் இருக்கலாம். அதனால் ரத்தப் பரிசோதனை அவசியம். பிரசவத்தின்போதும் விழித்திரையில் ரத்தம் கசிவது உண்டு. சில வாரங்களில் அது தானே மறைந்துவிடும். உலுக்குவதால் மூளையில் ரத்தம் கசியும் என்று 1971-ல் எழுதிய இங்கிலாந்து டாக்டர் கத்கெல்ச், வயதான காலத்தில், 2012-ல், "இதை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்கலாமா?" என்ற கவலையை எழுப்பினார்.

ஆகவே ஒரே தடயத்தை நம்பக் கூடாது. எல்லாம் சேர்ந்துதான் சாட்சி.

அழுதால் என்ன செய்வது?

தாயும் தகப்பனும் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் போய்விட, குழந்தையை அக்காளிடமோ பாட்டியிடமோ விட்டுச்செல்லும் வீடுகள் இங்கே ஏராளம். பிறந்த இரண்டாம் மாதத்தில் குழந்தையின் அழுகை உச்சத்துக்குப் போகும். பார்த்துக்கொள்பவருக்கு எரிச்சல் வருவது சகஜம். அப்போது குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் வாசலில் நிற்கலாம். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடலாம். அழுவதால் குழந்தை சாகாது. உலுக்கினால் செத்துவிடும்!

குழந்தை துவண்டால் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். நடந்ததை நடந்தபடி டாக்டரிடம் சொல்ல வேண்டும். மறைத்தால் சிகிச்சைதான் தாமதமாகும். குழந்தை அடிபடுவது தெரிந்தால் அக்கம்பக்கத்தார் 1098-க்குச் சொல்லலாம். தன் பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்தினால், 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது ரூ.1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

பேசத் தெரியாத குழந்தைக்கு டாக்டரும் பக்கத்து வீட்டாரும்தான் வாய்.